வாடகை வீடு விலைக்குப் போனால் குடியிருப்பவர் செய்ய வேண்டியவை

போன வருடம் தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. பிள்ளைகள் பள்ளிக்குப் போயாயிற்று, அவர் வேலைக்குப் போயாயிற்று. தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஹாலுக்கு வருகிறேன், அங்கே மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர் புரோக்கர். மற்ற இருவர் கணவன் மனைவி. அந்த அம்மா கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு சமையலறை எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெல் அடிச்சேம்மா, யாரும் வரல. ஓனர்தான் சாவி குடுத்தாரு" என்றார் புரோக்கர்.

வீடு விற்பனைக்கு வந்திருக்கிற விஷயமே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கொளத்தூரில் மாடி வீடு அது. ஐந்தாவது வருடமாகக் குடியிருந்தோம். வாடகை 14,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். மாலையில் பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பேன். அன்றிலிருந்து அந்த வீட்டைக் காலி செய்யும் வரை நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீல் அம்மாவிடம் மூன்று முறை போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டுச் சட்டத்தை வைத்து எழுதுகிறேன், வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு விவரங்கள் மாறும்.

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள்

ஓனர் தன் வீட்டை விற்க நம்மிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. "முதலில் எனக்குத்தான் விற்க வேண்டும்" என்று கேட்கும் உரிமையும் சாதாரண வாடகைதாரருக்குக் கிடையாது. இதை ஒத்துக்கொண்டுவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

ஆனால் வீட்டை விற்கிறார் என்பதாலேயே நாம் காலி செய்ய வேண்டும் என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 109ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வீடு கைமாறினால், அதில் இருக்கும் வாடகை ஒப்பந்தமும் வீட்டோடு சேர்ந்து புது ஓனர் கைக்குப் போகும். பழையவருக்கு என்னென்ன உரிமை இருந்ததோ அது புதியவருக்கு. பழையவருக்கு என்னென்ன கடமை இருந்ததோ அதுவும் பெரும்பாலும் புதியவருக்கு. நம் அக்ரிமெண்ட் ஜூலை 31 வரை என்றால், மார்ச்சில் யார் வாங்கினாலும் ஜூலை 31 வரைதான்.

வீடு வாங்குபவர்களில் பலருக்கு இது தெரியாது, புரோக்கர் சொல்வதும் இல்லை. "பத்திரம் முடிஞ்சா ஒரே மாசத்துல காலி பண்ணிடுவாங்க சார்" என்றுதான் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் காபி போட்டுக்கொண்டிருந்த அடுப்படிக்கு நாலடி தள்ளி நின்றபடி.

பீரோவைத் திறந்து காகிதங்களை எடுங்கள்

அன்று சாயங்காலமே அக்ரிமெண்டைத் தேடி எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அது ஆகஸ்டோடு முடிந்திருந்தது. பதினொரு மாத அக்ரிமெண்ட்; ஒவ்வொரு வருடமும் ஐநூறு ரூபாய் ஏற்றிப் புதுக் காகிதம் போடுவோம், இந்த முறை வாடகையை ஏற்றிக்கொண்டோமே தவிர, காகிதம் போடவில்லை. பாதி ஊரின் கதை இதுதான்.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புது வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 2017இல் இயற்றியது, பெயர் மிக நீளம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம். 1960இல் வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இது எடுத்துவிட்டது. பழைய சட்டம் வாடகைதாரரைத் தாங்கிப் பிடிக்கும் என்று நம் அப்பா காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். புதுச் சட்டம் எழுத்து அக்ரிமெண்டை மையமாக வைத்தது. அக்ரிமெண்டே போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். "காகிதம் இல்லைன்னா என்னை யாரும் அசைக்க முடியாது" என்ற பழைய தைரியம் இப்போது தலைகீழ்.

அக்ரிமெண்ட் காலம் முடிந்து புதுப்பிக்காமல் தொடர்ந்து இருந்தால், பழைய நிபந்தனைகளோடே மாதத்துக்கு மாதம் என்று அதிகபட்சம் ஆறு மாதம் வரை அது ஓடும். அதற்கு மேல் நம் நிலை பலவீனம்தான். எங்களுடையது அந்த ஆறு மாதத்துக்குள் இருந்தது, தப்பித்தோம்.

ஓனர் பெரம்பூரில் இருப்பார். வயதானவர், கோபக்காரர் இல்லை. மறுநாளே போய், "ஐயா, நீங்க வித்துக்குங்க, எங்களுக்குச் சந்தோஷம்தான். பெரியவ பத்தாவது பரீட்சை எழுதறா. செப்டம்பர்லேர்ந்து ஜூலை கடைசி வரைக்கும்னு ஒரு அக்ரிமெண்ட் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க" என்று கேட்டோம். சண்டை போட்டுவிட்டுக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டோம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அரசின் டெனன்சி இணையதளத்தில் ஓனரும் செய்யலாம், நாமும் செய்யலாம். பதிவானதும் ஒரு எண் தருவார்கள். பின்னால் அதிகாரியிடமோ வாடகை நீதிமன்றத்திலோ போய் நிற்கும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

அக்ரிமெண்டோடு வாடகை கட்டிய ஆதாரங்களையும் எடுத்து வையுங்கள். ஜிபேயில் அனுப்பியிருந்தால் வங்கி ஸ்டேட்மெண்ட் போதும். கையில் ரொக்கமாகக் கொடுப்பவர்கள் இந்த மாதத்திலிருந்தாவது வங்கி வழியாக மாற்றிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கொடுத்ததற்கு எழுத்து இல்லையென்றால் அதை இப்போதே புது அக்ரிமெண்டில் தொகை போட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

வீடு காட்டும் விஷயம்

இதில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது, எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாடகைக்கு விட்ட பிறகு வீடு ஓனருடையதுதான், ஆனால் கதவுக்கு உள்ளே இருக்கும் குடும்பம் நம்முடையது. ஓனரோ அவருடைய ஆளோ உள்ளே வர வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். எதற்கு, எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது அதில் இருக்க வேண்டும். நேரம் காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள். ரிப்பேர் பார்க்க வரலாம், வீடு குடியிருக்கத் தக்க நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வரலாம், இவை தவிர அக்ரிமெண்டில் எழுதியிருக்கும் நியாயமான வேறு காரணத்துக்கும் வரலாம்.

கடைசியாகச் சொன்னதைத்தான் வக்கீல் அம்மா பேனாவால் அடிக்கோடு போட்டுக் காட்டினார். வாங்க வருபவர்களுக்கு வீட்டைக் காட்டுவது என்ற காரணம் சட்டத்தின் பட்டியலில் நேராக இல்லை. அக்ரிமெண்டில் அதைப் பற்றி வரி இருந்தால் அந்த வரிப்படி. இல்லையென்றால் நம் சம்மதத்தின் பேரில்தான். அதனால் புது அக்ரிமெண்ட் போடும்போது அந்த வரியை நாமே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ஓனர் எழுதினால் "எப்போது வேண்டுமானாலும்" என்று எழுதுவார். நாம் எழுதினால் நாள், நேரம், முன்னறிவிப்பு என்று எழுதுவோம்.

முழுசாக மறுத்துவிடலாமா? மறுக்கலாம், ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். வீடு விற்காமல் ஓனர் தவித்தால் அந்தக் கோபம் நம் மேல்தான் திரும்பும். அக்ரிமெண்ட் நீட்டிப்பு, அட்வான்ஸ் எல்லாமே அவர் மனதில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கதவைச் சாத்துவது புத்திசாலித்தனம் இல்லை. நான் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது:

"ஐயா, வணக்கம். வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஞாயிறு காலை 10 முதல் 12 வரையும், புதன் காலை 11 முதல் 12 வரையும் வரலாம். யார், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே இந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். நானோ என் கணவரோ இல்லாத நேரத்தில் யாரும் உள்ளே வர வேண்டாம். மாலை 5 முதல் 7.30 வரை டியூஷன் நடப்பதால் அந்த நேரம் முடியாது. புரோக்கரிடம் இருக்கும் சாவியைத் தயவுசெய்து திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்."

எதற்காக ஞாயிறு 10 முதல் 12 என்றால், பன்னிரண்டுக்கு மேல் எமகண்டம், நாலரைக்கு மேல் ராகு காலம். வீடு வாங்க வருகிறவர்கள் அந்த நேரத்தில் படியேற மாட்டார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு என்றால் அவர்களுக்கும் சம்மதம், நமக்கும் மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடலாம். புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டுக்குத் தொடங்கும், அதனால் பதினொன்று. நேரத்தை நாமே சொல்லும்போது இதையும் பார்த்துச் சொன்னால் "அந்த டயம் சரிப்படாதும்மா" என்ற பேச்சுக்கே இடமில்லை.

போனில் பேசினாலும் பேசி முடித்த கையோடு, "இப்போது போனில் பேசியபடி ஞாயிறு 10.30க்கு இரண்டு பேர் வருகிறார்கள், சரி" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். நாளைக்கு யாராவது "நாங்க சொல்லிட்டுத்தானே வந்தோம்" என்றால் காட்டுவதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

ஆட்கள் வரும் நாளில் நான் செய்தவை: பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். சாமி அறைக் கதவைச் சாத்திவிடுவேன். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம் மட்டும், புரோக்கரோடு சேர்ந்து. வீடியோ எடுக்கிறேன் என்று போனைத் தூக்கினால், சுவரையும் தரையையும் எடுங்கள், எங்கள் சாமான்களையும் பிள்ளைகளையும் எடுக்க வேண்டாம் என்று சொல்வேன். சொல்லாமல் விட்ட முதல் வாரத்தில் எடுத்த படம் ஒன்று விளம்பரத்தில் வந்துவிட்டது. கொடியில் காய்ந்த என் நைட்டி உட்பட. ஓனரிடம் சொல்லி எடுக்க வைத்தேன்.

வருகிறவர்கள் நம்மைத் தனியாக ஓரம் கட்டிக் கேள்வி கேட்பார்கள். "மழை பெய்தா தண்ணி நிக்குமா?" கொளத்தூரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மாடியில் நமக்கு நிற்காது, தெருவில் முழங்கால் வரை நிற்கும் என்றேன். புரோக்கர் என்னை முறைத்தார். பொய் சொல்லி விற்றுக் கொடுக்கும் வேலைக்கு எனக்குக் கமிஷன் எதுவும் பேசவில்லையே.

சாவி

மெசேஜ் அனுப்பியும் புரோக்கர் சாவியைத் திருப்பித் தரவில்லை, "ஓனர்கிட்ட குடுத்துட்டேன்" என்றார், ஓனர் "என்கிட்ட வரலையே" என்றார்.

கதவில் பதித்த பூட்டை நாமாகக் கழற்றி மாற்றினால் அது ஒரு புது வம்பு. அதனால் நான் கதவில் எதையும் உடைக்கவில்லை. உள்ளே இருக்கும்போது மேல் தாழ்ப்பாள். வெளியே போகும்போது வெளித் தாழ்ப்பாளில் என் சொந்தப் பூட்டு ஒன்று, கடையில் 350 ரூபாய். "பிள்ளைகள் தனியாக இருப்பதால் பாதுகாப்புக்காகக் கூடுதலாக ஒரு பூட்டு போட்டிருக்கிறேன்" என்று ஓனருக்கு மெசேஜும் அனுப்பினேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போட்டார். அதுவும் பதில்தான், அழித்துவிடாதீர்கள்.

அதற்கும் மேல் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தால், அடிதடிக்குப் போகாமல் போனில் வீடியோ எடுங்கள், வெளியே போகச் சொல்லுங்கள், போகாவிட்டால் 112க்கு அழையுங்கள். நம் வசம் இருக்கும் வீட்டில் நம்மை மிரட்டவோ அவமானப்படுத்தவோ நுழைவது அத்துமீறல், சாவி வைத்திருப்பவர் செய்தாலும் சரி.

"நான்தான் புது ஓனர்" என்று ஒருவர் வந்தால்

மார்ச் மாதம் ஒரு நாள் ஒருவர் மாடி ஏறி வந்து, இனிமேல் வாடகையை என்னிடம் கொடுங்கள் என்றார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். ஆனாலும் உடனே கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் போட்டு விற்பனை ஒப்பந்தம் மட்டும் எழுதியவர் இன்னும் ஓனர் ஆகவில்லை. கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். அதை நாமே பார்த்துக்கொள்ளலாம்: பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கக் காசு இல்லை. சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்துத் தேடலாம். அவரிடமே பத்திர எண்ணும் வருடமும் கேட்டு வாங்கித் தேடினால் இன்னும் சுலபம். பெயர் விழுந்திருந்தால் சரி.

அப்புறம் பழைய ஓனரிடமிருந்து ஒரு வரி: இந்தத் தேதியில் வீட்டை இன்னாருக்கு விற்றுவிட்டேன், இனி வாடகையை அவரிடம் கொடுக்கவும். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். விற்றது தெரியாமல் பழையவரிடமே வாடகை கொடுத்துவிட்டால், புதியவர் அதைத் திரும்ப நம்மிடம் கேட்க முடியாது, அதே 109ஆவது பிரிவு நம்மைக் காக்கும். தெரிந்த பிறகும் பழையவரிடம் கொடுத்தால் அந்தக் காவல் இல்லை. மாத நடுவில் பத்திரம் நடந்தால் அந்த மாத வாடகையை எப்படிப் பிரிப்பது என்பது அவர்கள் இருவர் கணக்கு. நாம் ஒரு முறைதான் கொடுப்போம்.

புதியவரின் வங்கி விவரம், பான் எண் இரண்டையும் அப்போதே வாங்கிவிடுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கட்டி, அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்பவர்களுக்கு ஓனரின் பான் எண் வேண்டும். எங்கள் வீட்டில் அவர் மார்ச் கடைசியில் அதற்காக அலைந்தார்.

புதியவர் ஏதோ கோபத்தில் வாடகையையே வாங்க மறுத்தால் சும்மா இருந்துவிடக் கூடாது. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தாலே அது காலி செய்ய வைக்கும் காரணமாகிவிடும். வாடகை அதிகாரியிடம் கட்டிவிடச் சட்டத்தில் வழி இருக்கிறது.

அட்வான்ஸ் யார் தருவார்?

ஊரில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பழையவரைக் கேட்டால் "வீட்டோட சேர்த்து அவர்கிட்ட போயிடுச்சு" என்பார். புதியவரைக் கேட்டால் "நான் ஒரு பைசா வாங்கல" என்பார்.

கேட்க வேண்டிய நேரம் கிரயத்துக்கு முன்னால். அப்போது விற்கிறவருக்கு நம் ஒத்துழைப்பு வேண்டும், வாங்குகிறவருக்கு வம்பில்லாத வீடு வேண்டும். பத்திரம் முடிந்த மறுநாள் இருவருக்கும் நாம் தேவையில்லை, போனைக்கூட எடுக்க மாட்டார்கள். இரண்டு வழிதான். பழையவர் நம் பணத்தை நம்மிடமே திருப்பித் தர வேண்டும், நாம் புதியவருக்கு அட்வான்ஸ் கொடுப்போம். இல்லையென்றால் அவர்களுக்குள் கிரயத் தொகையில் கழித்துக்கொண்டு, அதை எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் எழுதி வாங்கியது:

"மேற்படி வீட்டின் மாடியில் குடியிருக்கும் வாடகைதாரர் எங்களில் முதலாமவரிடம் அட்வான்ஸாகக் கொடுத்த ரூபாய் 1,00,000 கிரயத் தொகையில் கழித்துக்கொள்ளப்பட்டது. வாடகைதாரர் வீட்டைக் காலி செய்யும்போது இந்தத் தொகையைத் திருப்பித் தரும் பொறுப்பு எங்களில் இரண்டாமவருடையது."

இருவர் கையெழுத்து, தேதி, இரண்டு சாட்சி. முத்திரைத்தாளில் எழுதினோம்.

இன்னொன்று. சட்டத்தில் இருக்கும் அட்வான்ஸ் கணக்கு மூன்று மாத வாடகை. சென்னை வழக்கம் பத்து மாதம் வரை போகும், அது உங்களுக்கும் தெரியும். அடுத்த வீட்டுக்குப் பேசும்போது மூன்றிலிருந்து ஆரம்பியுங்கள், எங்கே போய் நின்றாலும் லாபம்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நம் பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

ஒத்திக்கு, அதாவது லீஸுக்கு இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதை. ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வைத்திருப்பார்கள். ஒத்தி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் வில்லங்கச் சான்றில் தெரியும், வாங்குகிறவர் கண்ணில் படும். பதியாத ஒத்தியோடு வீடு கைமாறினால் அந்தப் பணத்தைத் துரத்துவது பெரும்பாடு. வங்கிக் கடன் கட்டாமல் ஜப்தி நோட்டீஸ் சுவரில் ஒட்டினாலோ நாள் தள்ளாதீர்கள். கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான். அக்ரிமெண்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

காலி செய்யச் சொன்னால்

புதியவர் ஏப்ரல் முதல் வாரம் வந்தார். மகளுக்குக் கல்யாணம் ஆகிறதாம், இந்த வீட்டில்தான் குடி வைக்கப் போகிறார்களாம், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்றார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காலி செய்ய வைக்க என்ன காரணம் இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம். வீட்டு வாசலில் சொன்னால் அது வேண்டுகோள் மட்டும்தான்.

இந்த இடத்தில் நான் செய்ய இருந்த தப்பு ஒன்று உண்டு. மனசு கேட்காமல், "சரி சார், மே மாதம் காலி பண்ணிடறோம்" என்று மெசேஜ் அடித்து வைத்திருந்தேன், அனுப்பவில்லை. வக்கீல் அம்மா அதைப் பார்த்து, நல்லவேளை என்றார். வாடகைதாரர் காலி செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, அதை நம்பி ஓனர் வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டுவிட்டால், அந்தக் கடிதமே நம்மைக் காலி செய்ய வைக்கும் காரணமாகிவிடும் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் வீட்டில் விற்பனை முன்பே முடிந்திருந்தது, இருந்தாலும் எழுத்து எழுத்துதான். வீடு விற்பனையில் இருக்கும்போது தேதி போட்டு எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், அடுத்த வீடு கையில் இல்லாமல், அட்வான்ஸ் பேச்சு முடியாமல்.

மறுபக்கமும் பாருங்கள். அக்ரிமெண்ட் காலம் முழுசாக முடிந்த பிறகும் போக மாட்டேன் என்று உட்கார்ந்தால் இரட்டை வாடகை கேட்கச் சட்டம் ஓனருக்கு இடம் தருகிறது. சிலர் "ஒரு வருஷம் இழுத்தடிக்கலாம்" என்று யோசனை சொல்வார்கள். சொல்கிறவர் கோர்ட்டுக்கு அலையப் போவதில்லை.

நாங்கள் பேரம் பேசினோம். அக்ரிமெண்ட் ஜூலை 31 வரை. பெண்ணின் பரீட்சை ஏப்ரலில் முடிகிறது. ஜூன் முதல் வாரம் காலி செய்கிறோம், பதிலுக்கு வண்டி வாடகைக்கும் ஆட்களுக்கும் 12,000 ரூபாய் நீங்கள் தர வேண்டும், அட்வான்ஸ் முழுவதும் சாவி கொடுக்கும் நாளே தர வேண்டும், பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கக் கூடாது. அவர் மூன்று நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். இதையும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இந்தப் பேரம் நடந்ததே கையில் ஜூலை 31 என்ற தேதி இருந்ததால்தான்.

என் தோழி ஒருத்திக்கு இவ்வளவு சுமுகமாக முடியவில்லை. புது ஓனர் மோட்டாரை நிறுத்திவிட்டார், தண்ணீர் இல்லை. தண்ணீர், கரண்ட் மாதிரி அத்தியாவசியமானதை ஓனர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாதவர்தான் அந்த அதிகாரி. தோழி மனு கொடுத்த பிரதியைக் காட்டியதுமே மோட்டார் ஓடியது. மனு எழுதத் தெரியவில்லையே என்பவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள்.

சாவி கொடுக்கும் நாள்

சாமான் ஏற்றி முடித்ததும் வீட்டைப் பெருக்கிவிட்டு, ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், குழாயைத் திறந்து காட்டி, சுவிட்சைப் போட்டுக் காட்டி. இ.பி. மீட்டரில் அன்றைய ரீடிங்கைப் படம் எடுங்கள். அதுவரைக்குமான யூனிட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டால் பின்னால் பேச்சு இருக்காது. காஸ் இணைப்பு, பால்காரர், பிள்ளைகளின் பள்ளி, வங்கி எல்லாவற்றிலும் முகவரி மாற்ற ஒரு வாரம் ஒதுக்குங்கள், ஆதாரில் மாற்ற புது அக்ரிமெண்ட் கேட்பார்கள்.

பணம் கணக்கில் ஏறிய மெசேஜ் வரும் வரை சாவி என் கையில்தான் இருந்தது. "நெட்வொர்க் ஸ்லோவா இருக்கு, நீங்க கிளம்புங்க, சாயங்காலம் போட்டுவிடறேன்" என்றார் புதியவர். வண்டி கீழே ஹாரன் அடிக்கிறது. நான் படியில் உட்கார்ந்துகொண்டேன். இருபது நிமிடத்தில் நெட்வொர்க் வந்தது.

இரண்டு சாவிகளைக் கொடுத்து, "சாவி 2, அட்வான்ஸ் முழுவதும் பெற்றுக்கொண்டேன், பாக்கி எதுவும் இல்லை" என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மூணாவது சாவி எங்கே என்று கேட்டார். புரோக்கரைக் கேளுங்கள் என்றேன்.